பிள்ளைப் பராமரிப்புத் தொகை: மூன்று கால்குலேட்டர், மூன்று விடை. ஏன்?

தெற்குச்சன்னல்:

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் மற்றவருக்கு மாதாமாதம் தர வேண்டிய பிள்ளைப் பராமரிப்புத் தொகையைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கிறேன். ஆறு வயதில் ஒரு குழந்தை. தர வேண்டியவருக்குப் பிடித்தம் போகும் முன் மாதச் சம்பளம் 4,000. குழந்தையை வைத்திருப்பவருக்கு 2,000. முறை புரிந்தால் போதும் என்பதால் வெவ்வேறு ஊர்க் கால்குலேட்டர்கள் மூன்றில் இதே எண்களைக் கொடுத்தேன். நாணயத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில முறை: 680.
பிரிட்டன் முறை, வாரத் தொகையை மாதத்துக்கு மாற்றியபின்: 464.
"வருமானப் பங்கு" என்று தலைப்பிட்ட மூன்றாவது: 880. இது மட்டும் பகல்நேரக் காப்பகக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் கேட்டது. காப்பகம் 450 (குழந்தையை வைத்திருப்பவர் கட்டுகிறார்), காப்பீடு 120 (தொகை தருபவர் கட்டுகிறார்) என்று போட்டேன்.

கேள்விகள்: மற்றவருடைய வருமானம் கணக்கில் வருமா, வராதா? மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா? குழந்தை வாரம் விட்டு வாரம் வெள்ளி, சனி இரவுகள் தொகை தருபவரிடம் தங்கினால் தொகை எவ்வளவு குறையும்? கடைசியில் தீர்ப்பாகும் தொகை இந்தத் தோராயத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகும்?


ஏட்டுக்கணக்கு:

மூன்று கால்குலேட்டரும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. கேள்விதான் மூன்று விதம்.

விஸ்கான்சின் முறை இருப்பதிலேயே எளிது: தருபவருடைய மொத்த வருமானத்தில் ஒரு சதவீதம். ஒரு குழந்தைக்கு 17, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 29, நான்குக்கு 31, ஐந்துக்கும் அதற்கு மேலும் 34. உங்கள் 4,000-இல் 17 சதவீதம் 680. மற்றவர் 2,000 சம்பாதித்தாலும் 6,000 சம்பாதித்தாலும் இது மாறாது. டெக்சாஸும் சதவீத முறைதான். ஆனால் அங்கே வரி முதலிய பிடித்தம் போக மிஞ்சுவதில் ஒரு குழந்தைக்கு 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 30. ஆகவே "17-ஐ விட 20 அதிகம்" என்று ஒப்பிடுவது தப்பு, எதன்மேல் அந்தச் சதவீதம் என்பதை முதலில் பாருங்கள். 4,000-இல் கைக்கு 3,200 வந்தால் 20 சதவீதம் 640. விஸ்கான்சினை விடக் குறைவு.

பிரிட்டன் கணக்கு வாரத்துக்குப் போடுவது. 4,000 × 12 ÷ 52 = 923.08. வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை ஒரு குழந்தைக்கு 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 19. 800-க்கு மேல் 3,000 வரை உள்ள பகுதிக்கு மட்டும் 9, 12, 15. அப்படியானால் 800-க்கு 96, மிச்சம் 123.08-க்கு 11.08, ஆக வாரம் 107.08. இதை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 464. இங்கேயும் மற்றவர் சம்பளம் கணக்கில் இல்லை. ஓய்வூதியத்துக்குக் கட்டுவதைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தருபவர் வீட்டில் அவர் பார்த்துக்கொள்ளும் வேறு பிள்ளைகள் இருந்தால் வாரச் சம்பளத்தில் முதலில் 11 சதவீதம் (ஒருவர்), 14 (இருவர்), 16 (மூவரும் அதற்கு மேலும்) குறைத்துவிட்டு மற்றதைப் போட வேண்டும். நீங்கள் இரவுகளையும் நிரப்பவில்லை போலிருக்கிறது, அதனால்தான் 464 முழுசாக வந்திருக்கிறது.

மூன்றாவதுதான் விளக்கம் கேட்கும் முறை. அமெரிக்காவில் பெரும்பான்மை மாநிலங்கள் இதைத்தான் வைத்திருக்கின்றன. "இந்த இருவரும் ஒரே கூரையில் இருந்திருந்தால் குழந்தைக்கு எவ்வளவு செலவழித்திருப்பார்கள்" என்பதுதான் இதன் அடிப்படை. குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளை வைத்து ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். இருவர் வருமானத்தையும் கூட்டி, அந்த வரிசையில் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு நேராக இருக்கும் தொகையை எடுக்க வேண்டும். வருமானம் ஏற ஏறத் தொகை கூடும், ஆனால் வருமானத்தில் அதன் சதவீதம் குறையும்.

உங்கள் 880-ஐப் பின்னோக்கிப் பிரித்தால் இப்படி வருகிறது:

கூட்டு வருமானம் 6,000. அட்டவணைத் தொகை 930 ஆக இருந்திருக்க வேண்டும்.
அதோடு காப்பகம் 450, காப்பீடு 120. மொத்தம் 1,500.
தருபவரின் பங்கு 4,000 ÷ 6,000, அதாவது மூன்றில் இரண்டு. 1,000.
அவர் ஏற்கெனவே கையிலிருந்து கட்டும் காப்பீடு 120 போக, 880.

காப்பகமும் காப்பீடும் இல்லாவிட்டால் வெறும் 620. அதாவது 880-க்கும் 680-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் "எந்த முறை தாராளம்" என்பதல்ல. ஒன்றில் காப்பகம் உள்ளே, மற்றதில் வெளியே, அவ்வளவுதான். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள்.

இன்னொன்று. "யார் கட்டுகிறார்" என்ற பெட்டியை மாற்றி டிக் செய்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். காப்பகத்தையும் தருபவரே கட்டுவதாகப் போட்டால் 1,000 − 120 − 450 = 430. ஒரே ஒரு டிக், தொகை பாதிக்கு விழுந்துவிடும்.

டெலவேர், ஹவாய், மொன்டானா ஆகிய மூன்று மாநிலங்களில் மெல்சன் முறை. முதலில் பெற்றோர் ஒவ்வொருவரும் உயிர்வாழத் தேவையானதை ஒதுக்கி, பிறகு பிள்ளையின் அடிப்படைத் தேவையைப் பங்கிட்டு, அதற்கும் மேல் மிஞ்சினால் அதில் ஒரு பகுதியைப் பிள்ளைக்குத் தருவது. நியாயம் என்று பார்த்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். காகிதத்தில் கையால் போட்டு முடிப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பது வேறு விஷயம்.


சும்மா_பார்க்க:

இவ்வளவு கணக்கு எதற்கு? குழந்தையை ஆளுக்குப் பாதி நாள் வைத்துக்கொண்டால் யாரும் யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை.


படிக்கட்டு:

பெரும்பாலான முறைகளில் அப்படி இல்லை. இருவர் வருமானமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் பாதிப் பாதி என்பது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். வருமானப் பங்கு முறையில் பல மாநிலங்கள் பகிர்ந்து வளர்க்கும்போது அட்டவணைத் தொகையை 1.5 மடங்காக்குகின்றன, இரண்டு வீட்டிலும் கட்டில், உடுப்பு, பொம்மை எல்லாம் இரட்டையாக வேண்டும் என்பதால். 930 × 1.5 = 1,395. தருபவர் பங்கு 930, மற்றவர் பங்கு 465. குழந்தை மற்ற வீட்டில் இருக்கும் பாதிக் காலத்துக்கு ஒவ்வொருவரும் தம் பங்கில் பாதி தர வேண்டும்: 465-க்கு எதிராக 232.50. கழித்தால் 232.50 கைமாற வேண்டும். கனடாவில் இருவருக்கும் தனித்தனியாக அட்டவணைத் தொகை எடுத்துக் கழித்துப் பார்ப்பதில் தொடங்குவார்கள். அதோடு முடியாது: 2005-இல் கனடா உச்ச நீதிமன்றம், இந்தக் கழித்தல் கணக்கு தானாகவே விடையாகிவிடாது, பகிர்ந்து வளர்ப்பதால் கூடும் செலவையும் இரு வீட்டு நிலைமையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது.

விதிவிலக்கு பிரிட்டன். இரவுகள் மட்டுமல்ல, பள்ளி, மருத்துவர், உடுப்பு என்று அன்றாடப் பொறுப்பும் உண்மையிலேயே சமமாக இருந்தால் அங்கே தொகை கிடையாது. இரவு சமம், மற்றதெல்லாம் ஒருவர் தலையில் என்றால் அது சமம் ஆகாது.

இனி தெற்குச்சன்னல் கேட்ட இரவுக் கணக்கு. இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். இரவுகளின் பலன் சரிவாகக் கூடுவதில்லை, படிக்கட்டு போல ஒவ்வொரு படியாகத் தாவுகிறது. பிரிட்டனில் வருடத்துக்கு 52 முதல் 103 இரவு என்றால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 முதல் 155: ஏழில் இரண்டு. 156 முதல் 174: ஏழில் மூன்று. 175-உம் மேலும்: பாதி, அதற்கு மேல் பிள்ளைக்கு வாரம் 7 பவுண்டு கழிவு.

நீங்கள் சொன்ன ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். வாரம் விட்டு வாரம், இரண்டு இரவு. 26 × 2 = 52. மிகச் சரியாகப் படியின் விளிம்பில் நிற்கிறது! வாரம் 107.08 என்பது 91.78 ஆகிறது. வருடத்தில் ஒரே ஒரு சனி இரவு தவறி 51 ஆனால் குறைப்பே இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதே ஒரு இரவின் விலை இன்னும் அதிகம். அங்கே தங்கும் நாளைச் சதவீதமாக்கி, அதற்கு "செலவுச் சதவீதம்" ஒன்று கொடுப்பார்கள். 14-க்குக் கீழே: 0. 14 முதல் 35-க்குள்: 24. 35 முதல் 48-க்குள்: 25-இல் தொடங்கி 35-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கூட்டல். 48 முதல் 52 வரை: 50. அதற்கு மேல் இதே ஏணி மறுபக்கம் ஏறும். தருபவர் தர வேண்டிய பங்கு என்பது வருமானச் சதவீதத்தில் (இருவரின் கூட்டு வருமானத்தில் அவர் பங்கு) செலவுச் சதவீதத்தைக் கழித்தது. 365-இல் 52 இரவு 14.2 சதவீதம், தங்கும் சதவீதம் 50-க்குக் கீழே இருந்தால் பின்னத்தை முழுவதும் தள்ளிவிடுவார்கள், ஆக 14. ஆனால் 51 இரவு 13.97, அதைத் தள்ளினால் 13. வருமானப் பங்கு 66.67 சதவீதம், குழந்தைச் செலவு மாதம் 930 என்று வைத்துக்கொண்டால்:

51 இரவு: 66.67 − 0, தொகை 620.
52 இரவு: 66.67 − 24 = 42.67, தொகை 397.

ஒரு இரவுக்கு மாதம் 223. சண்டை ஏன் காலண்டரில் தொடங்குகிறது என்று இப்போது புரியும். (ஒரு எச்சரிக்கை: ஆஸ்திரேலியாவில் வருமானப் பங்கைப் போடும் முன் ஒவ்வொருவர் வருமானத்திலிருந்தும் அவரவர் பிழைப்புக்கு ஒரே தொகையைக் கழிப்பார்கள். ஆண்களின் மொத்தச் சராசரி வாரச் சம்பளத்தை ஆண்டுக்குக் கணக்கிட்டு அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் 4,000-க்கு 2,000 என்பது அங்கே மூன்றில் இரண்டாக நிற்காது. சம்பளம் குறைந்தவரின் பங்கு இன்னும் சுருங்கி, தருபவரின் பங்கு ஏறும். மேலே உள்ளது படியைக் காட்ட மட்டும்.)

14 சதவீத நாளுக்கு 24 சதவீதம் எப்படி என்றால், குழந்தை ஒரு வாரத்தில் ஒரு இரவே வந்தாலும் அதற்கு ஓர் அறை, ஒரு படுக்கை, போக்குவரத்து வேண்டும். அந்தச் செலவு நாளுக்கு நாள் பிரியாது.

கனடாவில் இரவை எண்ணாமல் நேரத்தை எண்ணுவார்கள். வருடத்தில் 40 சதவீதம் நேரமாவது குழந்தை இருவரிடமும் இருக்க வேண்டும். 39 என்றால் முழு அட்டவணைத் தொகை.

ஆகவே எண்ணும்போது "வாரம் சுமார் ஒரு இரவு" என்று எழுதாதீர்கள். ஒரு வருடக் காலண்டரை எடுத்து ஒவ்வொரு இரவாகக் குறியுங்கள். பள்ளி விடுமுறையில் பாதி என்றால் அதையும் சேருங்கள். விடுமுறையில் மற்றவர் முறை வரும் வார இறுதியைக் கழியுங்கள். பெரும்பாலும் தவறிப்போவது இந்தக் கடைசிதான்.


தெற்குச்சன்னல்:

நன்றி படிக்கட்டு, ஏட்டுக்கணக்கு. விடுமுறையைச் சேர்த்தால் 60 இரவுக்கு மேல் போகிறது, எனவே விளிம்பு இல்லை. வருமானப் பக்கம் யாராவது சொல்லுங்கள். தருபவருக்குச் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 1,850. கூடுதல் நேர வேலை உண்டு, ஆனால் எல்லா மாதமும் இல்லை.


நாற்பதுபக்கநோட்டு:

முதலில் 1,850. இதை இரண்டால் பெருக்கினால் 3,700. இந்தப் பிழையை எல்லாரும் செய்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்தில் 26 சம்பளம். 1,850 × 26 ÷ 12 = 4,008.33. நீங்கள் 4,000 போட்டது சரிதான். மாதம் இருமுறை என்றால் மட்டும் 24 சம்பளம். வாரச் சம்பளத்தை 4-ஆல் பெருக்குவதும் இதே பிழை, 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும்.

கூடுதல் நேரம், போனஸ், கமிஷன்: ஒரே மாதச் சீட்டை வைத்துப் போடாதீர்கள். அதிகமாக வந்த மாதத்தை ஒருவர் நீட்டுவார், ஒன்றுமே வராத மாதத்தை மற்றவர் நீட்டுவார். ஒரு வருடத் தொகையை எடுத்து 12-ஆல் வகுப்பது நேர்மையான தோராயம். கனடா விதிகளில் வருமானம் ஏறி இறங்கினால் கடைசி மூன்று வருடத்தைப் பார்க்க இடம் இருக்கிறது. அங்கே தொடக்கம் வரிப் படிவத்தின் 15000-ஆம் வரி, அதாவது மொத்த வருமானம். அடிப்படைத் தொகைக்கு தருபவர் வருமானம், பிள்ளைகள் எண்ணிக்கை, மாகாணம் மூன்றும் போதும், மற்றவர் சம்பளம் வராது. ஆனால் காப்பகம், மருத்துவம் போன்ற தனிச் செலவுகளை இருவரும் வருமான விகிதத்தில் பிரிப்பார்கள். அப்போதும் வரிச்சலுகையும் மானியமும் போக மிஞ்சியதைத்தான் பிரிப்பார்கள், ரசீதில் உள்ள முழுத் தொகையை அல்ல.

பிரிட்டனில் வரித் துறையிடம் உள்ள கடைசி வருட வருமானத்தை எடுக்கிறார்கள். இப்போதைய சம்பளம் அதிலிருந்து 25 சதவீதமாவது ஏறியோ இறங்கியோ இருந்தால்தான் மாற்றுவார்கள். சம்பளம் 20 சதவீதம் குறைந்தவர் அடுத்த ஆண்டு மறுபரிசீலனை வரை பழைய கணக்கிலேயே கட்ட வேண்டியிருக்கும். தோராயம் போடும்போது "இந்த மாதச் சம்பளம்" போட்டு, பிறகு வரும் கடிதத்தில் வேறு எண்ணைக் கண்டு திகைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சொந்தத் தொழில் என்றால் கால்குலேட்டரை நம்பவே வேண்டாம். வரிக்குக் காட்டும் லாபம் வேறு, பராமரிப்புக் கணக்குக்கு எடுக்கும் வருமானம் வேறு. தேய்மானம், வீட்டின் ஒரு பகுதியை அலுவலகமாகக் காட்டிய செலவு, வண்டி, குடும்ப உறுப்பினருக்குக் கொடுத்ததாக எழுதிய சம்பளம் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். நிறுவனத்திலேயே விட்டுவைத்த லாபமும் கேள்விக்கு வரும். வேண்டுமென்றே வேலையை விட்டாலோ, தகுதிக்குக் கீழான வேலையில் இருந்தாலோ "இவரால் சம்பாதிக்கக்கூடியது இவ்வளவு" என்று ஒரு வருமானத்தைச் சுமத்தவும் செய்வார்கள். சிறையில் இருப்பதை அப்படி வேண்டுமென்றே வேலையை விட்டதாகக் கருதக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசு 2016-இல் விதி செய்தது.

கடைசித் தொகை எவ்வளவு விலகும் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 1988-க்குப் பிறகு, விதிப்படி வரும் தொகையே சரியானது என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும். நீதிபதி அதை மாற்றலாம், ஆனால் ஏன் என்று பதிவு செய்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரர், ஒரு குழந்தை, சீரான இரவுகள் என்றால் எண்கள் சரியாக இருக்கும் பட்சத்தில் தோராயமும் தீர்ப்பும் நெருங்கியே இருக்கும். குழந்தையின் விசேஷ மருத்துவத் தேவை, நெடுந்தூரப் பயணச் செலவு, மிக அதிக வருமானம் இவற்றில்தான் விலகும்.

கணக்கில் இல்லாத இரண்டு. பிரிட்டனில் அரசு அமைப்பே வசூலித்துத் தரும் வழியை எடுத்தால் தருபவருக்கு மேலே 20 சதவீதம் கட்டணம், பெறுபவருக்கு 4 சதவீதம் பிடித்தம். மாதம் 464 என்றால் கட்ட வேண்டியது 556.80, கைக்கு வருவது 445.44. நேரடியாகக் கொடுத்துக்கொண்டால் இந்தக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, வேலை போனால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1986 முதல், தவணை தேதி கடந்துவிட்ட நிலுவையை நீதிமன்றம்கூடப் பின்னோக்கிக் குறைக்க முடியாது. மனு கொடுத்து மற்றவருக்கு அறிவித்த நாளுக்கு முந்தையது அப்படியே கடன். "வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம்" என்று ஐந்து மாதம் விட்டால் ஐந்து மாதமும் பழைய சம்பளக் கணக்கில் ஏறும்.

வாழ்க்கைத் துணைக்கான ஜீவனாம்சம் தனி. இந்த எண்களோடு கலக்காதீர்கள்.


ஏட்டுக்கணக்கு:

தெற்குச்சன்னல், ஒரு சந்தேகம். காப்பீடு 120 என்று போட்டீர்களே, அது குழந்தைக்கு மட்டுமா? தருபவரையும் சேர்த்த பிரீமியமா?


தெற்குச்சன்னல்:

இருவருக்கும் சேர்த்துத்தான் 120. அவருக்கு மட்டும் என்றால் 75 என்று திட்டத்தில் போட்டிருக்கிறது.


ஏட்டுக்கணக்கு:

அப்படியானால் குழந்தையின் பங்கு 45. குழந்தையைச் சேர்ப்பதால் கூடும் பிரீமியம் மட்டுமே உள்ளே வர வேண்டும்.

930 + 450 + 45 = 1,425. மூன்றில் இரண்டு பங்கு 950. அவர் கட்டும் 45 போக, 905.

காப்பீட்டைக் குறைத்ததும் தொகை 25 ஏறியிருக்கிறது. தருபவருடைய சொந்தப் பிரீமியம் 75-இல் மூன்றில் ஒரு பங்கை மற்றவர் தலையில் கட்டியிருந்தோம், அது கழன்றுவிட்டது. 880-ஐ அடித்துவிட்டு 905 என்று எழுதுங்கள். 60-க்கு மேல் இரவுகள் என்றீர்களே, அந்த மாநிலத்தில் பகிர்ந்து வளர்க்கும் கணக்கு எத்தனை இரவில் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். மாநிலத்துக்கு மாநிலம் அது வேறு.